மயில்கழுத்து

மாம்பழ மஞ்சள், வாழைத்தண்டுப் பச்சை, மயில்கழுத்து. புடவைக் கடையில் 26 வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இந்த நிறங்களைச் சொல்லியிருப்பேன். மூன்றிலும் ‘ழ’ வருகிறது என்பது என் நாக்கில் பாதியை எடுத்த பிறகுதான் உறைத்தது.

எனக்கு வயது 54. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். 2023-ல் நாக்கில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கரண்டு, கீமோ எல்லாம் பார்த்து, இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. கரண்டு என்றால் கதிர்வீச்சு சிகிச்சை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை, “உங்களுக்கு எத்தனை கரண்டு?” என்றுதான் விசாரிப்பார்கள். இந்த வழியில் இப்போது போய்க்கொண்டிருப்பவர்களுக்கும், அவர்கள் வீட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பவர்களுக்கும் எது உதவும் என்று யோசித்து இதை எழுதுகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. பட்டது தெரியும்.

காரணத்தை மறைக்க வேண்டியதில்லை: மாவா. சீவல், புகையிலை, சுண்ணாம்பு போட்டுக் கசக்கி பிளாஸ்டிக் தாளில் மடித்துத் தருவார்கள். ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். கூட்டம் இல்லாத மதியத்தில் ஒரு சிட்டிகை ஒதுக்கிக்கொண்டால் பசியும் தெரியாது, கால்வலியும் தெரியாது. 2013-லேயே குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை வந்தது. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. புகையிலைதான் கெடுதல், பாக்கு ஜீரணத்துக்கு நல்லது என்று நம்பியவன் நான். வெறும் பாக்குக்கே புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லியிருக்கிறது. என் மாமியாருக்கு இன்றுவரை அதில் உடன்பாடு இல்லை.

2023 மே மாதம் நாக்கின் இடது ஓரத்தில் பச்சைப்பயறு அளவில் ஒரு புண். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. ஒரு பல் கிளினிக்கில் “பல் கூராக இருக்கு, குத்துது” என்று பல்லைத் தேய்த்துவிட்டு ஜெல் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன், வேறு ஜெல். நடுவில் இடது காது குத்த ஆரம்பித்தது. காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். நாக்கில் இருக்கிற கட்டி காதில் வலியாகத் தெரியும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? ஆகஸ்டில் என் மகள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இது புண் இல்லப்பா” என்றாள். அன்றைக்கே கிளப்பிவிட்டாள்.

மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் சதை எடுத்து டெஸ்ட் பார்த்துவிட வேண்டும். வலிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஆரம்பத்தில் பல பேருக்கு வலிப்பதே இல்லை. நான் மூன்று மாதத்தைத் தொலைத்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு சண்டை போட்டேன். ஸ்கேனில் கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் எதற்குக் கழுத்தைக் கீறி நெறிக்கட்டிகளை எல்லாம் எடுக்க வேண்டும்? டாக்டர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. “ஐயா, மும்பை டாடா ஆஸ்பத்திரியில் இதைத்தான் ஆராய்ச்சி பண்ணினாங்க. 2015-ல் வெளிவந்தது” என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுநோயில், கழுத்தையும் முதலிலேயே சேர்த்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மூன்று வருஷத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கழுத்தில் கட்டி தெரிந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கணக்கு எனக்குப் புரியும், கடையில் தினமும் போடுவதுதானே. கையெழுத்துப் போட்டேன். ஸ்கேனில் தெரியாத கழுத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றில் நோய் இருந்தது, அதன் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேயும் வந்திருந்தது.

அந்த ரிப்போர்ட்டில் ‘நான்காம் நிலை’ என்று இருந்ததைப் பார்த்து என் மனைவி ஆஸ்பத்திரி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சினிமாவில் நான்காம் நிலை என்றால் அடுத்த காட்சியில் மாலை போட்ட போட்டோதான். வாய்ப் புற்றுநோயில் நான்காம் நிலைக்குள்ளேயே மூன்று பிரிவு உண்டு. நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் பரவியிருந்தால்தான் அது கடைசிப் பிரிவு. எனக்கு முதல் பிரிவு. குணப்படுத்தும் நோக்கத்தோடு வைத்தியம் பார்க்கிற நிலை. இந்த ஒரு விஷயம் தெரியாமல், ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஊருக்குத் திரும்பிப் போய் நாட்டு மருந்து தேடியவர்களை எனக்கே தெரியும். நிலை எண்ணைப் பார்த்ததும் “குணப்படுத்தப் பார்க்கிறீர்களா, வலியைக் குறைக்கப் பார்க்கிறீர்களா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

அக்டோபரில் ஆபரேஷன். எட்டு ஒன்பது மணி நேரம் ஆயிற்றாம், எனக்கென்ன தெரியும். இடது முன்கையிலிருந்து தோலையும் ரத்தக்குழாயையும் எடுத்து நாக்கில் வைத்துத் தைத்தார்கள்; கையில் எடுத்த இடத்தில் தொடைத் தோலை ஒட்டினார்கள். சில நாள் தொண்டையில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு. சிலேட்டில் எழுதித்தான் பேச்சு. சோற்றுக்கு மூக்கு டியூப். அப்புறம் ஒரு விசித்திரம்: கைத்தோல் ஆயிற்றே, நாக்கில் முடி முளைத்தது. கரண்டு வைத்த பிறகு அது உதிர்ந்துவிட்டது.

பல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன பல் நான்கை ஆபரேஷனிலேயே பிடுங்கிவிட்டார்கள். கரண்டு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும்; அதன் பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் பல் வேலை எல்லாம் கரண்டுக்கு முன்னால் முடிய வேண்டும், ஆறுவதற்கும் இரண்டு மூன்று வாரம் வேண்டும். போன வருஷம் பல்வலி என்று பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனேன். “அஞ்சு நிமிஷம், பிடுங்கிடலாம்” என்று ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். கழுத்துத் தழும்பைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான்தான் எழுந்து வந்தேன். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன்னால் கரண்டு வைத்த கதையைச் சொல்லிவிட வேண்டும், பத்து வருஷம் ஆனாலும்.

கரண்டு நவம்பர் 20-ல் ஆரம்பித்தது. ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று டாக்டர் கறாராக இருந்தார். மொத்தம் 30, திங்கள் முதல் வெள்ளி வரை. வாரம் ஒருநாள் சிஸ்பிளாட்டின் கீமோ. வெந்நீரில் போட்டால் அப்பளம் மாதிரி இளகுகிற பிளாஸ்டிக் வலையை முகத்தில் வைத்து அழுத்தி ஒரு முகமூடி செய்வார்கள். அதை மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். எனக்கு முதல் நாள் மூச்சு முட்டியது. இரண்டாம் நாளிலிருந்து மனசுக்குள் புடவை மடித்தேன். ஒரு புடவைக்கு ஒரு நிமிஷம். பன்னிரண்டாவது புடவை மடிப்பதற்குள் கதவு திறந்துவிடும்.

பத்து கரண்டு முடிந்திருந்தபோது மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 4. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வீட்டிலும் கரண்டு இல்லை, எனக்கும் கரண்டு இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் பயம். நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கிற புற்றுசெல் தலையெடுக்கும்; தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளுக்கும் நோய் அடங்குகிற வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறையும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் மகள் என்னை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தாள். விட்டுப்போன இரண்டையும் சனிக்கிழமைகளில் வைத்து ஈடுகட்டினார்கள். எந்தக் காரணத்தால் விட்டுப்போனாலும் “எப்போது ஈடுகட்டுவீர்கள்?” என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிற இடங்களும் இருக்கின்றன.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் நான்காவது வாரத்தில் நடந்தது.

வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கினால் கண்ணாடித்தூளை விழுங்குவது மாதிரி. நாக்கில் ருசி கிடையாது. கஞ்சி இரும்பு வாசனை அடித்தது. வாரம் ஒருநாள் டாக்டர் பார்ப்பார். “எப்படி இருக்கீங்க ஐயா?” “நல்லா இருக்கேன் டாக்டர்.” எனக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், அவர் நேரத்தை ஏன் எடுக்க வேண்டும்? தவிர, நல்லா இருக்கேன் என்று சொல்லித்தானே வளர்ந்திருக்கிறோம். சாவு வீட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வோம். ஒரு சிஸ்டர் கேள்வித்தாள் ஒன்று கொடுத்தார். போன ஒரு வாரத்தில் வலி இருந்ததா, விழுங்க முடிந்ததா, அடுத்தவர் முன்னால் சாப்பிடச் சங்கடமாக இருந்ததா, இப்படி நிறைய. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கொடுத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை, நானே ஆணியால் போட்டது. எடை மெஷினில் ஏற்றினார். ஆரம்பத்தில் 62 கிலோ, அன்றைக்கு 56. “அய்யா, பரீட்சைன்னு நெனச்சு எழுதினீங்களா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று காலைதான் என் மனைவியிடம் “இனிமே போகலை, இருக்கிறவரைக்கும் இருந்துட்டுப் போறேன்” என்று சொல்லியிருந்தேன். அதையும் சொன்னேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நீங்க சோறு திங்கறதும் தூங்கறதும் தனிக் கணக்கு, பொழைக்கறது தனிக் கணக்குன்னு நெனக்கறீங்க. ரெண்டும் ஒரே நோட்டுதான்.” பசி, வலி, நடமாட்டம் பற்றி நோயாளி தன் வாயால் சொல்கிற பதிலுக்கும், அவர் எத்தனை காலம் இருக்கிறார் என்பதற்கும் தொடர்பு இருப்பதைப் பெரிய ஆய்வுகளில் கண்டிருக்கிறார்களாம். எடை இறங்கினால் முகமூடி தொளதொளவென்று ஆகிவிடும், குறி தப்பும், கீமோவைத் தள்ளிப்போடுவார்கள், நோயாளியே பயந்து நின்றுவிடுவார். அன்றைக்கே வலி மாத்திரையை மாற்றினார்கள். சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வாயில் வைத்துத் துப்ப மரத்துப்போகிற மருந்து ஒன்று தந்தார்கள். மூக்கு டியூபை மறுபடி போட்டார்கள். 30 கரண்டும் முடித்தேன். டாக்டர் வாராவாரம் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால் இதெல்லாம் இரண்டு வாரம் முன்னாலேயே கிடைத்திருக்கும்.

டியூப் சமாச்சாரம் என் மனைவியின் துறை. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சத்துமாவுக் கஞ்சி, பருப்பு வேகவைத்து மிக்ஸியில் அடித்த தண்ணீர், முட்டை அடித்துக் காய்ச்சிய பால், மோர். எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும்; வடிகட்டியில் வடித்தால் போதாது. ஒருநாள் அவசரத்தில் ராகிக் கஞ்சியை அப்படியே விட்டு டியூப் அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் மெல்ல மெல்லத் தள்ளியும் இழுத்தும் அரை மணி நேரம் போராடினாள். ஒரு தடவைக்கு 200 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. உட்கார்ந்த நிலையில்தான் விட வேண்டும், விட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. முடிந்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும். டியூப் இருக்கிறதே என்று வாயால் விழுங்குவதை நிறுத்தவும் கூடாது. ஒரு நாளைக்குப் பல தடவை இரண்டு ஸ்பூன் தண்ணீராவது விழுங்கச் சொன்னார்கள். தொண்டைத் தசை சும்மா இருந்தால் விழுங்கவே மறந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை கொப்பளித்தேன். கடையில் விற்கிற காரமான மவுத்வாஷ் பக்கம் போகவே கூடாது. கழுத்தில் சோப்பு, பவுடர், விபூதி, சந்தனம் எதுவும் கூடாது. சவரத்துக்கு பிளேடும் கூடாது.

2024 பொங்கலுக்கு முன்னால் கரண்டு முடிந்தது. முடிந்த அன்றைக்கே சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் வந்த இரண்டு வாரத்தில்தான் புண் உச்சத்துக்குப் போயிற்று. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பொங்கலன்று அப்படி உடைந்துபோயிருக்க மாட்டேன்.

வாய் திறக்காமல் போவது சத்தமில்லாமல் வரும். நல்ல வாயில் நம்முடைய மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்கலாம். மார்ச்சில் எனக்கு ஒன்றரை விரல்தான் போயிற்று. பிசியோதெரபி செய்யும் பெண் ஐஸ் குச்சி வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். பாரிமுனையில் ஒரு கட்டு வாங்கினேன். பல்லுக்கு நடுவில் அடுக்கி வைத்து, முடிந்தவரை, அதற்கு மேல் ஒரு குச்சி நுழைத்து, அரை நிமிஷம் பொறுத்து, எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஒன்பது குச்சியில் ஆரம்பித்தேன். ஒரு குச்சி கூடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இப்போது பதினேழு. பத்து நாள் சோம்பலில் விட்டேன், மூன்று குச்சி இறங்கிவிட்டது. இது பத்து நாளில் முடிகிற வேலை இல்லை. பல் தேய்ப்பது மாதிரி ஆயுளுக்கும்.

தோள் இன்னொன்று. கழுத்து ஆபரேஷனில் தோளைத் தூக்குகிற நரம்பு அடிபடும். இடது கையால் மேல் ராக்கிலிருந்து புடவைக் கட்டு இறக்க முடியவில்லை. சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஏற்றுகிற பயிற்சி. வீட்டுச் சுவரில் மகள் பென்சிலால் தேதி போட்டுக் கோடு போடுவாள், சின்ன வயதில் அவள் உயரத்துக்கு நான் கோடு போட்ட அதே சுவரில்.

வேலைக்குப் போனது 2024 ஜூலையில். அண்ணாச்சி நல்ல மனிதர். ரவிக்கைத் துணிப் பிரிவில் போட்டார், ராக் உயரம் குறைவு. ஒரு நாற்காலியும் போட்டார். ஆனால் கொஞ்ச மாதத்தில் எனக்குள் ஏதோ அணைந்துபோயிற்று. காலையில் எழ மனசில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, சென்னை வெயிலில் குளிர்கிறது. எல்லோரும் மனக்கவலை என்றார்கள், நானும் நம்பினேன். ஒரு பரிசோதனைக்குப் போனபோது இந்தத் தடவை ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லவில்லை. ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு. கழுத்தில் கரண்டு வைத்தவர்களுக்குத் தைராய்டு சுரப்பி மெதுவாக மங்குவது சகஜம். ஆறு மாதம் அல்லது வருஷத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, இரண்டு மாதத்தில் ஆளே மாறினேன். அதற்காக மனக்கவலை பொய் என்று சொல்லவில்லை. முகமும் குரலும் மாறிப்போகிற நோய் இது. ராத்திரி தப்பான யோசனை வந்ததுண்டு. வந்தால் வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் அரசின் 104-க்கோ 14416-க்கோ போன் பண்ணுங்கள்.

செலவு விஷயம் சுருக்கமாக. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஆபரேஷனும் கரண்டும் அதில் போயின. அட்டையில் வராதது ஆட்டோ, புரோட்டீன் பவுடர், வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம். நோய் தெரிந்த வாரமே அட்டையைப் புதுப்பித்துவிடுங்கள்.

பந்தி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் முடியாது. தங்கை மகள் கல்யாணம், திருவொற்றியூரில். எனக்கு ஒரு வேளை சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகும். எச்சில் ஊறாது, ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டும், தாடையைக் குனிந்து விழுங்க வேண்டும், இடது உதட்டோரம் ரசம் வழியும். பந்தியில் சாம்பாரைத் தாண்டுவதற்குள் இரண்டு பக்கத்து இலைகளும் மடிந்துவிட்டன. நம் ஊர் வழக்கம் தெரியுமே, அடுத்த பந்திக்கு ஆள் நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதுகில் மூச்சு விழுகிறது. பாதியில் எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என் மனைவி ஒன்றும் பேசாமல் நுங்கு நறுக்கிக் கொடுத்தாள். அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: எந்த விசேஷத்துக்கும் கடைசிப் பந்தி, ஓரத்து இலை, கையில் தண்ணீர் பாட்டில், தோளில் துண்டு. பரிமாறுகிறவரிடம் முதலிலேயே ரசம் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிச் சோற்றை ஊறவைத்துவிடுவேன். இட்லியைச் சாம்பாரில் கரைத்தால் சுலபம். புரோட்டா, முறுக்கு எல்லாம் அடுத்த பிறவிக்கு.

இனி பேச்சு. பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு சொல்பட்டியல் கொடுத்தார். மழை, பழம், கிழவி. எனக்கு எல்லாம் ‘மயை’, ‘பயம்’ என்றுதான் வந்தது. ‘ழ’வுக்கு நாக்கு நுனி மேலே மடிய வேண்டும், என் நாக்கின் இடது பாதி கைத்தோல், அது மடியாது. மெட்ராஸில் பாதிப் பேர் வாயப்பயம் என்றுதானே சொல்கிறார்கள், அந்த வகையில் ஊர் என்னைக் காப்பாற்றியது. ஆனால் கடையில்? மூன்றாவது வாரம் அவரிடம் சொன்னேன்: “அம்மா, கிழவி எனக்கு வேண்டாம். என் கடை வார்த்தை கொடுங்க.” உட்கார்ந்து எழுதினோம். ஜரிகை, முந்தானை, தாழம்பூ பார்டர், மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, “தள்ளுபடி போக ஆயிரத்து இருநூறும்மா”. வார்த்தைக்கு நடுவில் நிறுத்தி, வாயை அகலத் திறந்து, மெதுவாகச் சொல்ல வேண்டும். வேகம் குறைந்தால் பாதி தெளிவு தானாக வரும் என்றார். பயிற்சிக்குப் போகிறவர்கள் உங்கள் தொழில் வார்த்தைகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

போன அக்டோபரில் இரண்டு வருஷப் பரிசோதனை. நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள்தான் என்பதால் அதுவரை அடிக்கடி வரச் சொல்வார்கள். டாக்டர் வாயை விரலால் தடவிப் பார்த்தார், கழுத்தை அழுத்தினார், “சுத்தமா இருக்கு. இனிமே நாலு மாசத்துக்கு ஒருமுறை வந்தா போதும்” என்றார். மாவா போட்ட வாயில் வேறொரு இடத்தில் புதிதாக வரவும் வாய்ப்புண்டு; அதனால் வருவதை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார்.

அந்த வாரம் தீபாவளிக் கூட்டம். ஆள் பற்றாமல் அண்ணாச்சி என்னைப் புடவைப் பிரிவுக்கு அனுப்பினார். ஒரு அம்மாவும் மகளும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஏதோ வேண்டும், பெயர் தெரியவில்லை என்றார்கள். “மயில்கயுத்தும்மா,” என்றேன். “என்னது?” நிறுத்தினேன். வாயை அகலத் திறந்து மறுபடி சொன்னேன். ‘ழ’ வரவில்லை, ‘ள’வுக்கும் ‘ய’வுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. “ஆங், மயில்கழுத்து!” என்றாள் மகள். “அதான்,” என்று சொல்லி வலது கையால் மேல் ராக்கிலிருந்து கட்டை இறக்கினேன்.